வாத்தியம் இல்லாததாலா, வேண்டாததாலா?

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் தாலாட்டும், நெல் அறுவடையில் பாடும் அருவி வெட்டுப் பாட்டும் வெறுங்குரலில் ஒலிப்பதற்கு வாத்தியம் வாங்க வசதியில்லாமற்போனதே காரணம் என்று ஒருவர் எழுதியிருப்பது பிழை. இதே மண்ணில் கூத்துக்கு மத்தளமும் தாளமும், கோயில் சடங்குகளுக்குப் பறையும் உடுக்கும் இருக்கத்தான் செய்தன. அருவி வெட்டுகையில் ஒரு கை நெற்றாளைச் சேர்த்துப் பிடிக்க மறு கையில் அரிவாள் இருக்கும். பாட்டுக்கு மிஞ்சுவது வாய் மட்டுமே. எங்கள் அம்மம்மா ஏணைத் தொட்டிலை ஆட்டியபடி பாடும்போது, கூரை வளையில் கட்டிய கயிறு உராயும் கிறீச்சொலிக்கு ஏற்ப அடியை இழுத்தும் குறுக்கியும் விடுவார்; அங்கே மத்தளம் தட்டினால் பிள்ளை எழும்பிவிடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

வசதியில்லாமல் கிதாரோடு மட்டும் பாடியவர் என்று அதை எழுதியவர் சான்றாகக் காட்டிய இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கும் அந்த வாதத்துக்கு உதவமாட்டார். 1969இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டிலேயே வயலின் முதலிய நரம்பிசைக் கருவிகள் உண்டு. 1972இல் வந்த மூன்றாவதான 'பிங்க் மூன்' இசைத்தட்டையோ, அவர் தாமே விரும்பி, ஒலிப்பதிவாளர் ஜோன் வூட் மட்டும் உடனிருக்க, இரண்டு இரவுகளில் குரலும் கிதாருமாகப் பதிவு செய்தார். தலைப்புப் பாடலில் மட்டும் கொஞ்சம் பியானோ சேர்ந்திருக்கிறது.