மனு முடித்து வைக்கப்பட்டது

டீக்கடை வாசலில் ஒரு டெலிவரிப் பையனை எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஒருவர் அறைந்தது பற்றி நாங்கள் கொடுத்த மனுவுக்குக் கடைசியில் பதில் வந்துவிட்டது. தபாலில்கூட இல்லை, ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து பையனின் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அக்கா அதைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள், "என்னா போட்டுருக்குன்னு படிச்சுச் சொல்லு தம்பி" என்று. ஒன்றரைப் பக்கம். கடைசிப் பத்தியில் இருப்பது இது: "சம்பவத்தை நேரில் கண்ட சாட்சிகள் எவரும் இல்லாத நிலையில், மனுதாரரின் குற்றச்சாட்டு நிரூபணம் ஆகாததால் மேற்படி மனு முடித்து வைக்கப்பட்டது."

சாட்சிகள் எவரும் இல்லை. சரி. அப்போ நான் யார்?

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்த டெலிவரிப் பையன் விஷயம் தெரியும், மறுபடி முழுசாக எழுதப்போவதில்லை. டீக்கடை வாசலில் நான் நின்றிருந்தேன், பத்தடி தூரம். அறை விழுந்த சத்தம் கேட்டு மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதை ரெண்டு பக்கம் என் கைப்பட எழுதி, ஆதார் நகல் இணைத்து, போன் நம்பர் போட்டு, மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். அந்த நம்பருக்கு தினம் மூன்று பேர் பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். விசாரித்தவர்களுக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை.

விசாரித்தவர் யார் தெரியுமா? அதுதான் என் கேள்வி. இந்தப் பதிவு முழுக்க அதுதான். புகார் யார் மேல், விசாரிப்பவர் யார்?

மனுவை நாங்கள் கொடுத்தது பெரிய அலுவலகத்தில். அங்கே மரியாதையாகத்தான் பேசினார்கள், குறை சொல்ல மாட்டேன். உட்கார நாற்காலி கொடுத்தார்கள், ரசீது கொடுத்தார்கள். அப்புறம் மனு கீழே இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு முத்திரை, "உரிய நடவடிக்கைக்கு" என்று ஒரு கிறுக்கல். துணை ஆணையர், அங்கிருந்து உதவி ஆணையர், அங்கிருந்து இன்ஸ்பெக்டர், அங்கிருந்து அதே ஸ்டேஷன். ஒன்பதாம் நாள் பையனுக்குப் போன் வருகிறது. "தம்பி, உன் பெட்டிஷன் என்கொயரிக்கு வந்திருக்கு, சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வா." பேசியது யாரோ இல்லை, அடித்த அதே எஸ்.எஸ்.ஐ. குரலை வைத்தே பையன் கண்டுபிடித்துவிட்டான்.

போனான். ரைட்டர் மேஜையில் அவனுடைய மனு கிடந்ததாம், மேலே டீ கிளாஸ் வைத்த வட்டக் கறையோடு. "யார்றா உனக்கு இவ்ளோ நல்லா எழுதிக் கொடுத்தது?" என்பதுதான் முதல் கேள்வி. ரெண்டாவது கேள்வி, "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" மூன்றாவது கேள்வி இல்லை. என்கொயரி முடிந்தது.

கமென்ட்டில் ஒருவர் கேட்டார், "இதுக்கெல்லாம் சட்டத்துல வழியே இல்லையா சார்?" இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது, அதுதான் எரிச்சல். 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று தனி ஆணையம் வேண்டும், மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும், மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. நாம் என்ன செய்தோம்? ஏழு வருஷம் யோசித்து 2013ல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்று போட்டோம். அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் டிஜிபியும் சட்டம் ஒழுங்கு ஏடிஜிபியும். மாவட்டத்தில் கலெக்டர், கூடவே எஸ்.பி. பக்கத்துக் கேரளாவில் ஓய்வுபெற்ற நீதிபதியை உட்கார வைக்க முடிகிறது, நமக்கு மட்டும் அந்த நாற்காலியில் துறையின் மேலதிகாரியைத் தவிர வேறு யாரும் பொருந்த மாட்டேன் என்கிறார்கள். சீர்திருத்தம் என்று பேர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

இந்த ஊரை 2022ல் சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்று கமிஷனரேட்டாகப் பிரித்தார்கள். மூன்று கமிஷனர்கள், புதுக் கட்டடங்கள், புதுப் பெயர்ப் பலகைகள், எல்லாம் முடிந்தது. போலீஸ்காரர் அல்லாத ஒருவர் உட்கார்ந்து போலீஸ் மேல் புகார் வாங்க ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி? அதற்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

இப்போது வரப்போகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் வருவீர்கள்.

"போலீஸ்காரங்க படுற பாடு உனக்குத் தெரியுமா?" தெரியும். உங்களைவிட நன்றாகவே தெரியும். என் சித்தப்பா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தீபாவளிக்கு அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. சித்தி பலகாரத்தைத் தூக்குவாளியில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவார், பந்தோபஸ்து நிற்கிற முனையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு தடவை மழையில் நின்றபடியே அதிரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பெரியவரு வண்டி இந்நேரம் போயிருக்கணும், எங்கே நிக்குதோ" என்றார். நாலு மணி நேரமாக அங்கேயே நின்றிருக்கிறார், ஒண்ணுக்குப் போகக்கூட இடமில்லாமல். அவருக்கு முட்டி போனது அதில்தான். ஆகவே அந்தப் பக்கத்து நியாயத்தை எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

அதே சித்தப்பாவிடம்தான் இந்தக் கடிதத்தையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். சிரித்தார். "ஸ்டேஷன்ல ஒருத்தன் லீவுக்கு இன்னொருத்தன் வழிவிட மாட்டான்டா. ஆனா ஒருத்தன் மேல பெட்டிஷன் வந்துச்சுன்னா மொத்த ஸ்டேஷனும் ஒரே குடும்பம்." நான், "நீங்க இருந்தப்பவும் அப்படித்தானா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, காபி ஆறுகிறது என்றார். அதற்குமேல் நான் கேட்கவும் இல்லை.

"பொய்ப் புகார் கொடுத்தா?" கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். கஞ்சா கேஸில் பிடிபட்டவன் மறுநாளே மனு கொடுப்பான், தெரியும். அதற்குத்தானே வெளியாள் விசாரிக்க வேண்டும் என்கிறேன்? தன் ஸ்டேஷனே விசாரித்துத் தன் ஆளை நிரபராதி என்று சொன்னால் எந்த மடையன் நம்புவான்? நேர்மையான அதிகாரிக்குத்தான் இது அதிக நஷ்டம். அவர் நிஜமாகவே அடிக்காதவராக இருந்தாலும் ஊர் அவரைப் பார்த்து ஒரு மாதிரியாகத்தான் சிரிக்கும்.

"வீட்டுல திருடன் வந்தா யாரைக் கூப்பிடுவ?" போலீஸைத்தான். இது ஒரு கேள்வியா? அடுத்தது.

"கோர்ட் இருக்கே, அங்கே போக வேண்டியதுதானே." இதைச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, வாழ்க்கையில் ஒரு வாய்தா கூட பார்க்காதவர்கள். 2024 ஜூலையில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது அல்லவா, அதில் 175வது பிரிவின் நாலாம் உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். பணியின்போது நடந்ததாக அரசு ஊழியர் மேல் புகார் வந்தால், மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடுவதற்கு முன்னால் அவருடைய மேலதிகாரியிடமிருந்து அறிக்கை வாங்க வேண்டும், அந்த ஊழியர் தரப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆக, எந்த வாசல் வழியாகப் போனாலும் உள்ளே அதே மேஜை. அதுவரைக்கும் வக்கீல் பீஸ் யார் கொடுப்பது? ஆர்டருக்கு இத்தனை ரூபாய் என்று வண்டி ஓட்டுகிறவன் அரை நாள் கோர்ட்டில் உட்கார்ந்தால் அந்த அரை நாள் போச்சு.

மனித உரிமை ஆணையம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2021ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்றே தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், ஆதாரத்தோடு போக வேண்டும். ஆதாரம் எங்கே? அடித்த அன்று பையனை ஸ்டேஷனுக்குள் கூட்டிப்போய் நாற்பது நிமிஷம் உட்கார வைத்தார்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், ஒலியோடு பதிவாக வேண்டும், பதினெட்டு மாதம், குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்டிஐயில் கேட்டோம். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மேற்படி தேதியின் பதிவுகள் இல்லை." அந்தக் கோளாறுக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. சாத்தான்குளத்திலும் இதே கதைதானே, ஹார்டு டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே எழுதினார்.

சாத்தான்குளம் என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. 2020 ஜூனில் அங்கே போலீஸ் காவலில் அடிபட்டு அப்பாவும் மகனும் செத்த பிறகு நாம் எல்லோரும் புரொஃபைல் படத்தைக் கறுப்பாக்கினோம். 2025 ஜூனில் திருப்புவனத்தில் அந்தக் கோயில் காவலாளி செத்தபோது மறுபடி கொதித்தோம். சிபிஐ வந்தது, கைது நடந்தது. செத்தால் வருகிறார்கள். ஒரு அறை வாங்கிவிட்டு உயிரோடு வீட்டுக்கு வந்தவனுக்கு யார் வருவது? செத்தவர்களுக்கும் முதலில் விழுந்தது ஒரு அறையாகத்தான் இருந்திருக்கும். அதற்கு முன்னால் அதே கையால் அறை வாங்கிய யாராவது மனு கொடுத்திருந்தால், அதையும் இப்படித்தானே முடித்து வைத்திருப்பார்கள்?

அப்புறம் இந்த "ஆயுதப்படைக்கு மாற்றம்". அடித்த போலீஸ்காரரை ஸ்டேஷனிலிருந்து அங்கே தூக்கிப் போடுவது. வீடியோ வைரலானால் மட்டும் நடக்கும். உடனே எல்லோரும் கைதட்டுவோம். அது தண்டனையா? ஆயுதப்படையில் இருக்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆறு மாதம் கழித்து அவர் வேறு ஸ்டேஷனுக்கு வருவார், அந்த ஏரியாக்காரன் என்ன பாவம் செய்தான்?

எழுத எழுத எங்கேயோ போய்விட்டேன். உண்மையில் என்னைச் சுடுவது எது என்று எனக்கே தெரியும். கடிதம் வந்த அன்று ராத்திரி பையனைப் பார்த்தேன். மனித உரிமை ஆணையத்துக்குப் போவோம், நான் வருகிறேன், இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றேன். தலையைக் குனிந்துகொண்டு வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அண்ணே, எனக்கு அந்த ஏரியாதான் ஜோன். ஒரு நாளைக்கு எட்டு வாட்டி அந்த ஸ்டேஷன் வாசல்ல போறேன். நீ வீட்டுக்குப் போயிடுவ."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நான் வீட்டுக்குத்தான் வந்தேன். வரும்போது, "சரிடா, விட்டுடு" என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தேன். ரெண்டு நாளாகத் தூக்கம் இல்லை. என்னை இல்லாத ஆள் என்று எழுதியவர்கள்மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது.

சாட்சி நான் இருக்கிறேன் என்று என் பேரிலேயே தனியாக ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுப்பேன். பையன் பேரை இழுக்காமல் அதை எப்படிக் கொடுப்பது என்று தெரிந்த வக்கீல் நண்பர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.

அப்புறம், கீழே வந்து "அவன் ஹெல்மெட் போட்டிருந்தானா?" என்று கேட்கப்போகும் அண்ணன்மார்களுக்கு: போட்டிருந்தான். அதைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் அடித்தார்.