ஹார்ஸ்லிப்ஸை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்

அயர்லாந்து ராக் என்றதும் யூ2, தின் லிஸி, கிரான்பெர்ரீஸ் என்று அடுக்குகிறவர்கள், ஐரிஷ் மரபிசையை ராக்கோடு கலந்த ஹார்ஸ்லிப்ஸ் குழுவை விட்டுவிடுகிறார்கள். பெயர் தெரிந்தவர்கள்கூட "அமெரிக்காவில் எடுபடாமல் போன குழுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பல வருடங்களாக இவர்களைக் கேட்டு வரும் எனக்கு அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

தொடக்கமே விசித்திரமானது. 1970 வாக்கில் டப்ளினில் ஒரு பீர் விளம்பரத்துக்கு இசைக்குழுவாக நடிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த பாரி டெவ்லின், ஈமன் கார், சார்லஸ் ஓ'கானர் மூவரும் நின்றார்கள். கீபோர்டுக்கு ஆள் வேண்டுமென்று ஜிம் லாக்ஹார்ட்டைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நடிப்பு பிடித்துப்போய் நிஜக் குழுவே ஆகிவிட்டது. 1972 புனித பேட்ரிக் தினத்தில் (மார்ச் 17) வேலையை விட்டு முழுநேரமாக இறங்கினார்கள். கிதாருக்கு ஜானி ஃபீன் வந்து சேர்ந்ததும் அந்த வருடம்தான். வயலினும் மாண்டலினும் கான்சர்டினாவும் (கையில் பிடித்து விரித்துச் சுருக்கி வாசிக்கும் சிறிய துருத்திக் கருவி) வாசித்த ஓ'கானர் ஐரிஷ்காரரே இல்லை, இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோக்காரர். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

பெரிய கம்பெனிகளின் வாசலில் காத்திருக்காமல் 'ஓட்ஸ்' என்று சொந்த இசைத்தட்டு லேபிள் தொடங்கினார்கள். முதல் ஆல்பத்தை டிப்பரரியில் ஒரு பழைய மாளிகையில், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வரவழைத்துப் பதிவு செய்தார்கள். அதன் உறையை கான்சர்டினா போலவே எண்கோணமாக வெட்டி, மடித்து விரிக்கும்படி செய்திருந்தார்கள்.

அப்புறம் ஊர் ஊராகப் போனார்கள். ஊர்ப்புற நடன மண்டபங்கள் அன்று ஷோபேண்டுகளின் கையில் இருந்தன. அவை பெரும்பாலும் பிறருடைய ஹிட் பாடல்களை வாசித்த குழுக்கள். அதே மண்டபங்களில் இவர்கள் தங்கள் பாட்டை வாசித்தார்கள். வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலத்திலும் அங்கே போனார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பாராமல் மக்கள் கேட்க வந்தார்கள்.

1973இல் வந்த 'தி டாயின்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஐரிஷ் காவியக் கதைதான் அதன் பொருள். ராணி மேவ் ஒரு காளைக்காக அல்ஸ்டர் மீது படையெடுக்கிறாள், கூ கல்லன் தனியாளாக நின்று தடுக்கிறான். நம் வெட்சித் திணை படித்தவர்களுக்கு ஆநிரைக்காகப் போர் மூள்வது புதிதாகவே இருக்காது. அதில் 'டியரக் டூம்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். ஓ'நீல் குலத்தின் பழைய படைநடை மெட்டு, அப்படியே மின்கிதாரில் இறங்குகிறது. மேலே ஒட்டவைத்த அலங்காரம் இல்லை அது. அந்த மெட்டை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. "மரபைக் கெடுக்கிறார்கள்" என்று அன்றைக்குத் தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். அவர்கள் காதில் இது எப்படி விழாமல் போனது என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

1976இல் வந்த 'தி புக் ஆஃப் இன்வேஷன்ஸ்' அதைவிட முதிர்ந்தது. பழைய ஐரிஷ் மரபு இசையை மூன்றாகப் பிரிக்கும்: மகிழ்விப்பது, அழவைப்பது, உறங்கவைப்பது. அந்த மூன்றையும் ஆல்பத்தின் மூன்று பகுதிகளாக்கினார்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் அவர்களின் சிகரம்.

அதற்குப் பிறகு அமெரிக்கா. கடல் தாண்டிப் போன ஐரிஷ் மக்களைப் பற்றியே 'ஏலியன்ஸ்', 'தி மேன் ஹூ பில்ட் அமெரிக்கா' என்று இரண்டு ஆல்பங்கள் செய்தார்கள். நல்ல பாடல்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வயலினும் குழலும் பின்னுக்குப் போய், எந்த ஊர் குழுவும் வாசிக்கக்கூடிய ஒலி முன்னுக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

1980 அக்டோபர் 12, பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹால். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஓ'கானர் தன் வயலினைக் கூட்டத்துக்குள் வீசினார். சரி, கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பத்து வருடம் கழித்து, 1990இல் அயர்லாந்து முதல்முறையாக உலகக்கோப்பைக் கால்பந்துக்குப் போனபோது, அணிக்கான பாட்டை யூ2வின் லாரி முல்லன் உருவாக்கினார். அதன் முதுகெலும்பு 'டியரக் டூம்' கிதார் மெட்டுதான். ஹார்ஸ்லிப்ஸ் பெயரையே கேள்விப்படாத பிள்ளைகள் அந்த மெட்டை வாயால் பாடிக்கொண்டு திரிந்தார்கள். அமெரிக்கக் கணக்கை வைத்து இவர்களை அளக்கிறவர்கள் இந்தக் கணக்கை எங்கே எழுதுவார்கள்?

பாடல்களின் உரிமைக்காக நீதிமன்றம் வரை போய் 1999இல்தான் அவற்றை மீட்டார்கள். 2004இல் மூன்று ரசிகர்கள் டெரி நகரில் குழுவின் பழைய போஸ்டர்களையும் பொருட்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஐந்து பேரும் வந்தார்கள். இருபத்து நான்கு வருடம் கழித்து, மின்கருவிகள் இல்லாமல், ஐந்து பாட்டு வாசித்துவிட்டுப் போனார்கள். 2023 ஏப்ரலில் ஜானி ஃபீன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதுவரை கேட்காதவர்கள் 'தி டாயின்' முழுவதையும் இடையில் நிறுத்தாமல் ஒருமுறை கேளுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. கிதாருக்கு அடியில் வயலின் ஓடுவது அப்போதுதான் சரியாகக் கேட்கும்.