ஹாலிவுட் சினிமா கம்பெனி எம்ஜிஎம்மோட பழைய ஸ்டூடியோ அமேசான்கிட்ட இல்லைங்க

"அமேசான் எம்ஜிஎம்மை வாங்கிருச்சு, கல்வர் சிட்டில இருக்கற அந்தப் பழைய ஸ்டூடியோவும் இப்ப அவங்களோடதுதான்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. முதல் பாதி உண்மை, 2022 மார்ச்ல 845 கோடி டாலருக்கு வாங்குனாங்க. ஆனா அந்த இடம் எம்ஜிஎம் கைய விட்டுப் போனது 1986லயே, சிஎன்என் ஆரம்பிச்ச டெட் டர்னர் எம்ஜிஎம் கம்பெனிய வாங்கி, ஸ்டூடியோவ லோரிமார்ங்கற டிவி தயாரிப்புக் கம்பெனிக்கு வித்தாரு, லோரிமார வார்னர் சினிமா கம்பெனி வாங்குச்சு, அப்புறம் வார்னர்கூட நடந்த ஒரு சொத்துப் பரிமாற்றத்துல அது சோனிக்குப் போச்சு, இன்னிக்கும் சோனி பிக்சர்ஸ் ஸ்டூடியோஸ்தான். அமேசான் ஆஃபீஸ் இருக்கறது அதே ஊர்ல இருக்கற கல்வர் ஸ்டூடியோஸ்ல, அதுவும் வாடகைக்கு, குழப்பம் அங்கதான்னு நினைக்கிறேன். சந்தேகம்னா சோனியோட ஸ்டூடியோ டூர் பக்கத்துல பாருங்க. இத்தனை பேர் உழைச்ச இடத்தோட வரலாறு தப்பாப் பரவக்கூடாது, தயவுசெஞ்சு இதை இனிமே அனுப்பாதீங்க.