எந்த ரூம் சேட்டா?

போன ஞாயித்துக்கிழமை எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போனேன். அவ்வளவுதான் நான் செஞ்ச குத்தம்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. எஸ்டேட்ல மருந்தடிச்சு, கவாத்து வெட்டி, ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டை (எஸ்டேட் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கொடுக்கிற வரிசை வீடு) காலி பண்ணிக் கொடுத்துட்டு, இப்ப மூணாறு டவுன்ல என்கூட வாடகை வீட்ல இருக்காரு. முட்டுவலி, தூரமா நடக்க முடியாது. "நாங்க லீவு நாள்ல குளிப்போமே, அந்தப் பாறைகிட்ட செத்த நேரம் உக்காந்துட்டு வரலாம்டா"ன்னாரு. ஜீப்பை எடுத்தேன். பாறை அங்கேயேதான் கெடக்கு. அதுக்குப் போற வழியைத்தான் காணோம். முள்கம்பி, அதுமேல பச்சை வலை, உள்ள வெட்டிவிட்ட புல்லு, பிரம்பு நாற்காலி, "ரிவர் வியூ"ன்னு ஒரு பலகை. வாசல்ல நின்ன பையனுக்கு மீசைகூட சரியா முளைக்கலை. கேக்குறான், "எந்த ரூம் சேட்டா?"

அப்பா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "அஞ்சாம் நம்பர் லயம், தம்பி."

அவனுக்குப் புரியலை. அவன்மேல எனக்குக் கோவமும் இல்லை, பன்னெண்டு மணி நேர டூட்டியில நிக்கிறவன். என் கோவமெல்லாம் இந்த "ஆத்தங்கரை டெவலப்மென்ட்"ங்கிற வார்த்தை மேலதான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எவனாவது ஒருத்தன் வெள்ளைச் சட்டையோட வந்து பாலத்துல நின்னு கையை நீட்டி நீட்டிப் பேசுவான். அடுத்த மாசம் ஒரு நடைபாதை, கலர் லைட்டு, இதய வடிவத்துல ஒரு செல்ஃபி பாயிண்டு. மழை வந்தா லைட்டு போயிரும். செல்ஃபி பாயிண்டு மட்டும் துருப்பிடிச்சு நிக்கும்.

இந்த ஊருக்கு மூணாறுன்னு பேர் வந்ததே முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை மூணும் இங்க கூடுறதாலதான். அந்த மூணுல ஒண்ணுலயாவது உள்ளூர்க்காரன் கால் நனைக்க பத்துப் படிக்கட்டு கட்டிவைங்கடா பாப்போம்! நான் டூரிஸ்டுக்கு எதிரி கெடையாது. அவங்க கொடுக்கிற காசுலதான் என் வண்டிக்கு டீசல், என் புள்ளைக்கு ஃபீசு. ஆனா என் வண்டியில வர்ற பொம்பளைங்க இறங்கினதும் மொதல்ல கேக்குறது வியூ பாயிண்டையா? "அண்ணா, பாத்ரூம் எங்க இருக்கு?"ங்கிறதுதான். போன சீசன்ல திருப்பூர்க்காரக் குடும்பம் ஒண்ணு, அந்தம்மாவுக்குச் சக்கரை வியாதி. ட்ராஃபிக்ல ஒண்ணரை மணி நேரம் மாட்டிக்கிட்டு அவங்க பட்ட பாட்டைக் கண்ணாடியில பாக்கவே எனக்கு வெக்கமா இருந்துச்சு. கடைசியில தெரிஞ்ச டீக்கடை அக்கா வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் விட்டேன். செல்ஃபி பாயிண்டுக்குக் காசு இருக்கு, கக்கூசுக்கு இல்லை.

சரி, ரூம்ல இருக்கிற கக்கூஸ் தண்ணியெல்லாம் எங்க போகுதுன்னு யாராவது கேட்டீங்களா? கேக்க மாட்டீங்க. விடியக்காலம் நாலு மணிக்கு வண்டி எடுக்கப் போறவனுக்குத்தான் எந்தெந்த பைப்பு எந்நேரம் தொறக்கும்னு தெரியும். மழை பேஞ்சா நல்ல வசதி, எல்லாம் ஆத்தோட போயிரும். எங்க போயிரும்? முதிரப்புழை பெரியாத்துல சேருது, பெரியாறு ஆலுவா தாண்டிப் போகுது, கொச்சிக்காரன் குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான். சனிக்கிழமை அவன் இங்க வந்து தங்கிட்டுப் போறது அவன் வீட்டுக் குழாய்க்கே திரும்பி வருதுன்னு சொன்னா நம்மளை முறைக்கிறான்.

ஆத்தை ஒட்டி எவ்வளவு நெருக்கிக் கட்டினாலும் அதோட அகலம் அதுக்குத் தெரியும். 1924-ல வந்த வெள்ளத்தைப் பத்தி எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன், அவரும் அவங்கப்பா சொல்லக் கேட்டதுதான். மலையாள வருசம் 1099-ங்கிறதால தொண்ணூத்தொம்போது வெள்ளம்னு பேரு. அப்ப இந்த ஊருக்கு ரயில் இருந்துச்சுங்க! மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் குட்டி ரயில், அங்கேருந்து ரோப்வேயில தேயிலைப் பெட்டி போடி பக்கம் குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கும். அந்த வெள்ளத்துல போன ரயில் நூறு வருசமாகியும் திரும்ப வரலை. அதெல்லாம் பழங்கதைன்னு சொல்றவன் 2018 ஆகஸ்ட்ல எங்க இருந்தான்? பழைய மூணாறுல தண்ணிக்குள்ள நின்ன கடைகளை நான் பார்த்தேன். கல்லூரி இருந்த மலைச்சரிவே பேத்துக்கிட்டு வந்துச்சு. தண்ணி வடிஞ்சுச்சு, சேத்தை வழிச்சுப் போட்டாங்க, ஒரு வருசத்துல அதே கரையில புதுசா பெயிண்ட் அடிச்ச பலகை.

2007-ல ஆக்கிரமிப்புன்னு சொல்லி அரசாங்க ஜே.சி.பி. வந்து பெரிய பெரிய கட்டடத்தை இடிச்சப்ப நாங்களும் ரோட்டோரம் நின்னு வேடிக்கை பார்த்தோம், இனிமே எல்லாம் சரியாயிரும்னு நெனச்சோம். அப்புறம் 2010-ல கேரள உயர்நீதிமன்றம் சொன்னதுல இருந்து இங்க கட்டடம் கட்ட வருவாய்த்துறை என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று வேணும். நல்ல விஷயம்தான், நான் ஒத்துக்கிறேன். ஆனா மூணு சென்ட்ல ரெண்டு ரூம் வீடு கட்ட நெனச்ச என் கூட்டாளி அந்தக் காகிதத்துக்கு நாலு வருசம் அலைஞ்சான். ஒரு டேபிள்ல "நாளைக்கு வா", அடுத்த டேபிள்ல "சார் லீவு". அவன் அலைஞ்ச அதே நாலு வருசத்துல எதிர்க்கரையில மூணு மாடி எழும்பிச்சு. அதுக்கு எந்த டேபிள்ல காகிதம் கொடுத்தாங்களோ!

விளையாட்டாவது மிஞ்சுச்சான்னா, எஸ்டேட் டீம்கள் மோதிக்கிற ஃபின்லே ஷீல்டு ஃபுட்பால்னா எஸ்டேட்டே திரண்டு வரும். அப்பா அவங்க டிவிஷன் டீமுக்கு கோலி. இன்னைக்கு என் பையன் பந்தைத் தூக்கிக்கிட்டு அலையுறான், காலியா இருக்கிற இடமெல்லாம் கார் பார்க்கிங், மணிக்கு இவ்வளவுன்னு ரசீது. போன வாரம் அவன் அடிச்ச பந்து ஒரு கார் கண்ணாடியில பட்டு, அவனை விட்டுட்டு என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அன்னைக்கு அந்தப் பையன்கிட்ட சண்டை போட வாயெடுத்தேன். அப்பாதான் சட்டையைப் பிடிச்சு இழுத்தாரு. "விடுடா, பாலத்துல இருந்து பாத்துக்கலாம்." சரின்னு பாலத்தோரம் வண்டியை நிறுத்தினேன். துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு கம்பியைப் பிடிச்சு எட்டிப் பார்த்தாரு. "அந்தா பாரு, பாறையில அந்த வெடிப்புலதான் சோப்பு வைப்போம்"னு அவர் சொல்லி முடிக்கல, பின்னாடி ட்ராவலர் வேன்காரன் ஹாரன்ல கை வச்சவன் எடுக்கவே இல்லை. அப்பா பதறி ஏறினதுல துண்டு ஆத்துக்குள்ள விழுந்துருச்சு.