புதருக்குள் இருந்த பையன் எங்கே போனான்?

சில மாதங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் கே-பாப் என்கிற கொரிய பாப் இசை பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். "ஒரே அச்சில் வார்த்த முகங்கள், ஒரே அச்சில் வார்த்த பாட்டுகள்." நிறைய பேர் விருப்பக்குறி போட்டார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. வீட்டில்தான் சேதம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அம்மா, உனக்குத்தான் ஓவியம் எல்லாம் தெரியுமே, இது யார் வரைந்தது என்று சொல் பார்க்கலாம்" என்றாள்.

பூக்களுக்கு நடுவே ஊஞ்சலில் ஒரு பெண். ரெட் வெல்வெட் என்ற ஐந்து பெண்கள் குழு 2022 மார்ச்சில் வெளியிட்ட "ஃபீல் மை ரிதம்" காணொளி அது. பாட்டு தொடங்கும்போதே ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் பழைய மெட்டு ஒன்று வயலினில் வருகிறது, "ஏர் ஆன் தி ஜி ஸ்டிரிங்" என்று உலகமே அறிந்த மெட்டு. ஊஞ்சல் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பிரெஞ்சு ஓவியர் ஃபிராகொனார், 1767 வாக்கில் வரைந்தது, லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கிறது. பந்தயத்தில் ஜெயித்த மமதையில் அசல் ஓவியத்தைத் தேடி எடுத்து அவளிடம் காட்டினேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "புதருக்குள் ஒரு பையன் இருக்கிறானே, அவன் இதில் எங்கே போனான்?"

நான் வாயடைத்துப் போனேன். நல்ல கேள்விக்கு அப்படித்தான் ஆகும்.

அந்தப் பையனின் கதை கொஞ்சம் அசிங்கமானது. பிரெஞ்சு அரசவைக்காரர் ஒருவர் துவாயன் என்ற ஓவியரை அழைத்து, என் காதலி ஊஞ்சலாடுகிற மாதிரி வரை, ஊஞ்சலை ஒரு பிஷப் தள்ளிவிட வேண்டும், அவள் கால்கள் நன்றாகத் தெரிகிற இடத்தில் என்னை உட்கார வை என்று கேட்டிருக்கிறார். துவாயன் அரண்டுபோய் வேலையை ஃபிராகொனார் பக்கம் தள்ளிவிட்டார். ஃபிராகொனார் பிஷப்பை மட்டும் நீக்கிவிட்டு ஒரு வயதானவரை நிறுத்தினார், மற்றதையெல்லாம் கேட்டபடியே வரைந்து கொடுத்தார். ஆக, அந்த ஓவியம் வரையப்பட்டதே புதருக்குள் மல்லாந்து கிடக்கிறவனுக்காகத்தான். அவனுடைய கண்ணுக்காகத்தான் ஊஞ்சல் மேலே போகிறது, செருப்பு பறக்கிறது.

காணொளியில் அவன் என் கண்ணில் படவேயில்லை. நான்கு முறை பார்த்துவிட்டேன். ஊஞ்சல் இருக்கிறது, பெண் இருக்கிறாள், பார்க்கிறவனைக் காணோம். இயக்கியவர்கள் யோசித்துச் செய்தார்களா, வெறுமனே படம் அழகாக வரட்டும் என்று செய்தார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அவனை எடுத்துவிட்டால் அந்த ஓவியத்தின் வயிற்றையே எடுத்துவிட்ட மாதிரி. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கைப்பேசியில் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அதே காணொளியில் பூக்கள் மிதக்கும் நீரில் ஒரு பெண் கிடக்கிறாள். அது ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் ஒஃபீலியா, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் நீரில் மூழ்கிச் சாகிறவள். அந்த ஓவியத்துக்கு மாதிரியாக இருந்தவர் எலிசபெத் சிடால், அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. 1852 குளிர்காலத்தில் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் மணிக்கணக்காகப் படுத்துக் கிடந்தார். நீர் சூடு ஆறாமலிருக்கத் தொட்டிக்குக் கீழே விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். ஒரு நாள் விளக்குகள் அணைந்தன, ஓவியர் கவனிக்கவில்லை, அந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை. கடும் சளிக்காய்ச்சல் வந்து, அவருடைய அப்பா வழக்குப் போடுவேன் என்று மிரட்டிய பிறகு மில்லே மருத்துவச் செலவைக் கொடுத்தார். ஒரு சட்டகத்துக்காகக் குளிரில் அசையாமல் கிடப்பது, முணுமுணுக்காமல் இருப்பது என்றெல்லாம் யோசித்தால் கே-பாப் உலகத்துக்கு சிடாலைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது. ஆனால் காணொளி அந்தப் பக்கம் போகவில்லை. நீரும் பூவும் அழகாக இருக்கின்றன, அவ்வளவுதான். பிரெஞ்சு ஓவியர் மொனேயின் குடை பிடித்த பெண்ணும் அப்படித்தான், வந்தாள், நின்றாள், போனாள்.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் பாஷ் விஷயத்தில்தான். ஹெரோனிமஸ் பாஷின் "இன்பங்களின் தோட்டம்" மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிற மூன்று பலகை ஓவியம். அதன் வலப்பலகை நரகம். அந்த நரகத்தில் தண்டனைக் கருவிகள் எவை தெரியுமா? வாத்தியங்கள். ஒருவனை யாழின் நரம்புகளிலேயே கோத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னொருவனின் பின்புறத்தில் இசைக்குறிப்பு எழுதியிருக்கிறது, பக்கத்தில் ஒரு கூட்டம் அதைப் பார்த்துப் பாடத் தயாராக நிற்கிறது. இசைக் காணொளி எடுக்கிறவர்களுக்குத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி அல்லவா? காணொளியோ பெரும்பாலும் தோட்டத்துப் பக்கமே உலாத்திவிட்டுத் திரும்பிவிடுகிறது.

ஓவியத்தை உடுத்திக்கொள்வது ஒன்று. ஓவியத்தோடு மல்லுக்கு நிற்பது இன்னொன்று. இந்தக் காணொளிகளைப் பார்க்கும்போது என் மனம் இந்த ஒரே அளவுகோலைத்தான் தேடுகிறது.

இடையில் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏன் எப்போதும் மில்லே, மொனே, பாஷ்? அழகுணர்ச்சி ஒரு காரணம் என்றால், பதிப்புரிமை காலாவதியானது இன்னொரு காரணம். கொரியாவில் படைப்பாளி இறந்து எழுபது ஆண்டு வரை உரிமை உண்டு. மொனே இறந்தது 1926. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், உலகில் எவருக்கும் பார்த்ததும் தெரிந்துவிடும். பியோன்சேயும் ஜே-ஸியும் 2018இல் லூவர் அருங்காட்சியகத்துக்குள்ளேயே போய் மோனாலிசா முன்னால் நின்று பாடியதற்கு எவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டிருக்கும்! கொரியர்கள் அருங்காட்சியகத்தையே படப்பிடிப்புத் தளத்துக்குள் கட்டிவிடுகிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிற மொனேயும் பழைய காலண்டரிலிருந்து கிழித்துச் சட்டம் போட்டதுதான்.

அப்படித் தளத்துக்குள் கட்டிய அருங்காட்சியகங்களில் என்னைக் கட்டிப்போட்டது 2016 அக்டோபரில் பி.டி.எஸ். குழு வெளியிட்ட "பிளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ்". மகள் அதைப் போட்டுக் காட்டியபோது மணி இரவு பத்தரை. பன்னிரண்டு வரை அவளைத் தூங்க விடாமல் பிடித்துவைத்தது நான்தான்.

ஏழு இளைஞர்கள் ஓர் ஓவியக்கூடத்தில். முதலில் தெரிவது மூத்த பீட்டர் புரூகல் 1562இல் வரைந்த "கலகக்காரத் தேவதூதர்களின் வீழ்ச்சி". வானத்திலிருந்து தள்ளப்பட்டவர்கள் விழ விழ மீனாகவும் தவளையாகவும் பூச்சியாகவும் உருமாறுகிறார்கள். பிறகு இக்காரஸ் வருகிறான், மெழுகு இறக்கையோடு சூரியனுக்குப் பக்கத்தில் பறந்து விழுந்த கிரேக்கப் பையன். இங்கேதான் எனக்குத் தூக்கம் கலைந்தது. இந்தக் காணொளியில் இக்காரஸ் ஓவியம் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, புரூகல் பெயரில் பிரஸ்ஸல்ஸில் இருக்கிற நிலக்காட்சி. அதில் இக்காரஸைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூலையில், கப்பலுக்குக் கீழே, நீருக்கு மேல் இரண்டு கால்கள் மட்டும். உழவன் உழுதுகொண்டிருக்கிறான், மீன்பிடிக்கிறவன் மீன் பிடிக்கிறான், கப்பல் தன் வழியே போகிறது. ஒருவன் வானிலிருந்து விழுந்து செத்தான், யாருக்கும் வேலை கெடவில்லை. இரண்டாவது, ஹெர்பர்ட் ஜேம்ஸ் டிரேப்பர் 1898இல் வரைந்தது, லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் இக்காரஸ் பாறைமேல் கிடக்கிறான், நீர்த்தேவதைகள் சூழ்ந்து அழுகிறார்கள், உலகமே அவனுக்காக நின்றுபோன மாதிரி. "அம்மா, இறக்கை உருகவே இல்லையே?" என்றாள் மகள். ஆமாம், உருகவில்லை. டிரேப்பரின் பையன் முழு இறக்கையோடு, பொன்னிறத்தில், விளம்பரப் படத்துக்கு நிற்கிற அழகோடு செத்துக் கிடக்கிறான்.

ஒரே வீழ்ச்சிக்கு இரண்டு சாட்சியங்கள். நீ விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று ஒன்று சொல்கிறது. நீ விழுந்தாலும் அழகாக விழ வேண்டும், அழுவதற்கென்றே ஒரு கூட்டம் காத்திருக்கிறது என்று மற்றது சொல்கிறது. இருபதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் ஒரு பாடகனின் இரண்டு பயங்களும் இவைதான் என்று எனக்குப் பட்டது. அந்த ஆல்பத்தின் பெயரே "விங்ஸ்", இறக்கைகள். ஏழு பேரில் ஒருவன் மேலிருந்து குதிக்கிறான். ஒருவனின் முதுகில் இறக்கை பிய்ந்த தழும்பு. மூத்தவன் இறக்கை வைத்த சிலைக்கு முத்தம் கொடுக்கிறான், கடைசியில் அவன் முகமே பீங்கான் போல விரிசல் விடுகிறது. நடுவே பாட்டு நின்று, ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 1919ஆம் ஆண்டு நாவல் "டெமியான்" வரிகள் வாசிக்கப்படுகின்றன. நீட்சேயின் வாசகமும் ஜெர்மனிலேயே பொறித்திருக்கிறது. கொஞ்சம் அதிகம்தான். கல்லூரி முதலாண்டில் நானும் டைரியில் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வயதுக்கு அந்த அதிகம்தான் உண்மை.

அந்த இரண்டு ஓவியங்களிலும் இல்லாதவர் ஒருவர் உண்டு. இக்காரஸின் அப்பா தைடலஸ். இறக்கை செய்ததும் மெழுகு ஒட்டியதும் அவர்தான், இவ்வளவு உயரத்துக்கு மேல் போகாதே என்று சொன்னதும் அவர்தான். கே-பாப்பில் இறக்கை ஒட்டுகிற வேலை பல ஆண்டுப் பயிற்சி, ஒப்பந்தம், உணவுக் கட்டுப்பாடு என்று நடக்கிறது. பதின்மூன்று ஆண்டு ஒப்பந்தம் ஒன்று நீதிமன்றம் வரை போன அதே 2009இல், கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்து ஏழு ஆண்டு என்று எல்லை கட்ட வேண்டிவந்தது. சட்டகத்துக்குள் எப்போதும் விழுகிற பையன்தான் இருக்கிறான். மெழுகு வாங்கி வந்தவர் படமெடுக்கிற பக்கம் நிற்கிறார்.

இதே ஆட்டத்தை இன்னும் முரட்டுத்தனமாக ஆடியது ஐடில் என்ற பெண்கள் குழு. (அப்போது பெயருக்கு முன்னால் ஒரு ஜி ஒட்டியிருந்தது, 2025இல் கழற்றிவிட்டார்கள்.) 2022 அக்டோபரில் வந்த பாட்டின் பெயர், நிர்வாணம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை நீக்கி எக்ஸ் போட்டது. பிஸேயின் "கார்மென்" இசைநாடக மெட்டு, மர்லின் மன்றோ ஒப்பனை, கடைசியில் சட்டகத்துக்குள்ளிருந்து கீழிறங்கிக் கிழிகிற படம். அது தெருவோவியர் பேங்க்ஸியின் வேலை என்று யாருக்கும் தெரியும். 2018 அக்டோபரில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் அவருடைய பலூன் சிறுமி பத்து லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் போனது. சுத்தியல் விழுந்த மறுகணம் சட்டகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த இயந்திரம் படத்தைப் பாதி கிழித்துவிட்டது. எங்களை வெறும் உடலாகப் பார்த்து விலைபேசாதே என்று சொல்ல இதைவிடக் கூர்மையான சின்னம் கிடைக்காது. ஆனால் கிழிந்த அந்தப் படம் 2021இல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் பவுண்டுக்கும் மேலே போனது. கிழித்ததால் விலை பதினெட்டு மடங்கானது. எதிர்ப்பையும் பொட்டலம் கட்டி விற்கத் தெரிந்த சந்தையைப் பற்றி அந்தக் குழு தெரிந்தேதான் இந்த உதாரணத்தை எடுத்ததா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தே எடுத்திருந்தால் அவர்களுக்கு ஒரு கும்பிடு.

"எல்லாம் வெள்ளைக்காரன் படம்தானா? அவர்களுக்கென்று ஓவியமே இல்லையா?" என்று என் கணவர் நாற்காலியிலிருந்தபடியே கேட்டார். இருக்கிறது. கொரியாவை ஆண்ட ஜோசியோன் அரச வம்சத்தின் பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய் வரைந்த பெயர் தெரியாத ஓவியர்களின் மின்ஹ்வா படங்கள். மின்ஹ்வா என்றால் மக்கள் ஓவியம், அந்தப் பெயரைச் சூட்டியவர் யானகி என்ற ஜப்பானியர் என்பது வரலாற்றின் குசும்பு. அதில் ஒரு புலி உண்டு. மரத்தில் மாக்பை பறவை உட்கார்ந்து கத்துகிறது, கீழே புலி மாறுகண்ணோடு அசடு வழிய விழிக்கிறது. புலி அதிகாரி, பறவை குடிமகன் என்று சொல்வார்கள். ஐவ் என்ற பெண்கள் குழு 2024இல் "ஹேயா" என்று ஒரு பாட்டு வெளியிட்டது, சூரியனும் புலியும் வருகிற நாட்டார் கதையை வைத்து. கொரிய மொழியில் "முன்னொரு காலத்தில்" என்பதைப் "புலி புகை பிடித்த காலத்தில்" என்று சொல்கிறார்கள். கேட்டதிலிருந்து எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இதெல்லாம் எங்கள் பண்பாடு என்று சீன இணையவாசிகள் சண்டைக்கு வந்தது தனிக்கதை. அடுத்த ஆண்டு "கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்" அனிமேஷன் படத்தில் அதே அசட்டுப் புலி வந்தது. சியோலில் இருக்கும் கொரிய தேசிய அருங்காட்சியகம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த புலி-பறவை பேட்ஜ் தீர்ந்துபோனது, 2025இல் பார்வையாளர்கள் முதன்முறையாக ஐம்பது லட்சத்தைத் தாண்டினார்கள். பெயரில்லாத அந்த ஓவியர்களுக்கு மில்லே பக்கத்தில் நாற்காலி கிடைத்துவிட்டது. அந்தப் புலிக்கு உடை மாட்டிவிட முடியாது, அது பார்க்கிறவரைத் திருப்பிப் பார்க்கிறது.

கடைசியாக மகளிடம் நான் காட்டிய ஒன்று. பி.டி.எஸ்.ஸின் ஆர்.எம். 2022 டிசம்பரில் வெளியிட்ட "இண்டிகோ" ஆல்பத்தின் முதல் பாட்டுக்குப் பெயர் "யுன்". யுன் ஹ்யோங்-குன் 2007இல் மறைந்த கொரிய ஓவியர், சிறைக்குப் போய் வந்தவர். சுட்ட மண்ணின் பழுப்பையும் நீலத்தையும் கலந்து, கச்சாத் துணியில் கறுத்த தூண்களாக இறக்குவார். பாட்டில் அவருடைய குரல் வருகிறது. ஆல்பத்தின் அட்டையில் சுவரில் அவர் ஓவியம் தொங்குகிறது. நியூயார்க் அருகே டியா பீக்கன் அருங்காட்சியகத்தில் அந்த ஆல்பத்தின் பாட்டுகளைப் பாடிய காணொளியும் உண்டு. யாரும் எந்த ஓவியமாகவும் வேடம் போடவில்லை.

மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அந்த அட்டையைப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். ஓரங்களைத் தேடினாள்.

"இதில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லையே அம்மா" என்று சொல்லிவிட்டு, மறுபடி அந்த ஊஞ்சலைப் போட்டாள்.