மூன்று வயது போர்பனும் அதில் ஊற்றிய தண்ணீரும்

போர்பன் என்பது மக்காச்சோளம் தூக்கலான அமெரிக்க விஸ்கி. மலிவு போர்பன் என்றதும் நம் ஆட்கள் முதலில் தேடுவது லேபிளில் வயது போட்டிருக்கிறதா என்றுதான். மூன்று வருடம் என்று இருந்தால் முகம் சுளித்துவிட்டுப் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவார்கள். ஸ்காட்ச்சில் பன்னிரண்டு, பதினெட்டு என்று எண்ணிப் பழகியதால் வந்த வினை. போர்பன் கணக்கு வேறு. பீப்பாய் புது ஓக் மரத்தில் செய்ததாக இருக்க வேண்டும், உட்புறத்தைக் கரியாகும்படி சுட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் வாங்கி அடைப்பது அமெரிக்கர்கள் ஒரு முறை பயன்படுத்திக் கழித்த பீப்பாய்களில். போதாததற்கு, போர்பன் பெரும்பாலும் தயாராகும் கென்டக்கி மாநிலத்து வெயில் வேறு. கோடையில் சரக்கு மரத்துக்குள் ஊறுகிறது, குளிரில் வெளியே வருகிறது. நிறமும் வெனிலா வாசனையும் சீக்கிரமே ஏறிவிடும். பதினைந்து வருடம் போட்டு வைத்தால் பல பீப்பாய்களில் மரக்கசப்புதான் மிஞ்சும்.

என் கட்சி இதுதான்: மலிவு பாட்டிலை வயது கெடுப்பதைவிட, பாட்டிலில் அடைப்பதற்கு முன் காட்டத்தைக் குறைக்க ஊற்றும் தண்ணீர் அதிகமாகக் கெடுக்கிறது.

ஓல்ட் க்ரோ என்ற பிராண்டை எடுத்துக்கொள்வோம். மூன்று வருடம், ஆல்கஹால் 40 சதவீதம், விலை பத்து டாலரை ஒட்டி. ஊற்றியவுடன் முகர்ந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் போல ஒரு நெடி மூக்கில் அடிக்கும். அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் கிளாஸைச் சும்மா வைத்திருந்தால் நெடி அடங்கி, வேகவைத்த மக்காச்சோளமும் தோலோடு வறுத்த வேர்க்கடலையும் மேலே வரும். இதைத் தயாரிக்கும் ஜிம் பீம் கம்பெனியின் சரக்குகளில் அந்த வேர்க்கடலை வாசனை அடிக்கடி தட்டுப்படும். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வாயில் வைத்த பிறகுதான் பிரச்சினை. நாக்கின் நுனியில் ஒரு இனிப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லை. பானை நிறைய ரசம், பருப்பு கைப்பிடி என்கிற கதை. தொண்டை கமறுகிறதே தவிர, சுவை தங்குவதில்லை.

இளசு என்பதற்காக இதை மன்னிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். இந்தப் பெயருக்குரிய ஜேம்ஸ் க்ரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் கென்டக்கிக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். புளித்த மாவில் கொஞ்சம் எடுத்து அடுத்த ஊறலில் சேர்க்கும் ‘சவர் மேஷ்’ முறையை அளவு பார்த்துச் சீராக்கியவர் என்று பெயர் பெற்றவர். 1987-இல் பிராண்ட் பீம் கைக்கு மாறியபோது பழைய ரெசிபி போய்விட்டது. மிச்சம் இருப்பது காக்கைப் படம்தான்.

அதே விற்பனையில் ஓல்ட் கிராண்ட் டாட் என்ற இன்னொரு பிராண்டும் பீமிடம் வந்தது. அதற்கு மட்டும் ரெசிபியை மாற்றவில்லை, ரை தானியம் தூக்கலாகவே இருக்கிறது. அதில் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். நான் இருக்கும் பக்கம் இருபத்தைந்து டாலர் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட அதே தானியக் கலவையில் செய்து 40 சதவீதத்தில் அடைத்த பேசில் ஹேடன் என்ற போர்பனுக்கு நாற்பதுக்கு மேல் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஓல்ட் கிராண்ட் டாட் லேபிளில் இருக்கும் தாத்தாவே பேசில் ஹேடன்தான்! ஒரே தாத்தா, இரண்டு பாட்டில். தண்ணீர் கூடிய பாட்டிலுக்கு விலையும் கூடுதல்.

பாட்டில்ட் இன் பாண்ட் விளம்பரக்காரன் கண்டுபிடித்த வார்த்தை இல்லை. புகையிலைச் சாறும் சாயமும் கலந்து விஸ்கி என்று விற்ற காலத்தில், 1897-இல் கொண்டுவந்த சட்டம். ஒரே டிஸ்டிலரியில் ஒரே பருவத்தில் வடித்தது, குறைந்தது நான்கு வருடம், சரியாக 50 சதவீதம். ‘ஸ்மால் பேட்ச்’ என்பதற்குச் சட்டத்தில் எந்த வரையறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். வயது விஷயத்திலும் ஒரு சங்கதி: லேபிளில் ‘ஸ்ட்ரெயிட்’ என்று இருந்து வயது போடவில்லையென்றால் குறைந்தது நான்கு வருடம் என்று அர்த்தம். நான்குக்குக் கீழே இருந்தால்தான் கட்டாயம் போட வேண்டும்.

கொடுத்த காசுக்கு மதிப்பு என்று வந்தால் நான் கைகாட்டுவது எவான் வில்லியம்ஸ் என்ற பிராண்டின் வெள்ளை லேபிளை. கறுப்பு லேபிள் 43 சதவீதம், வெள்ளை 50, அதுவும் பாண்ட் சரக்கு. விலை வித்தியாசம் சில டாலர்தான். 750 மில்லி வெள்ளையில் நீங்களே 120 மில்லி தண்ணீர் சேர்த்தால் கறுப்பின் காட்டத்துக்கு வந்துவிடும், ஆக இரண்டு பெக் லாபம். ஆனால் சேர்க்காதீர்கள். முதல் வாயை ராவாகக் குடித்துப் பாருங்கள், அப்புறம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காய்ச்சிய சர்க்கரை, கொஞ்சம் லவங்கப்பட்டை, கடைசியில் கரிந்த மரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இளசின் முரட்டுத்தனம் இதிலும் உண்டு, ஓரத்தில் ஒரு எரிச்சல் இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

என்னால் பொறுக்க முடியாதது, உள்ளூர்ச் சின்ன டிஸ்டிலரிகள் சில இரண்டு வருடச் சரக்கைச் சின்னப் பீப்பாயில் போட்டுக் கறுக்க வைத்து, கனத்த கண்ணாடி பாட்டிலில் ஐம்பது, அறுபது டாலருக்கு விற்பதைத்தான். நிறம் நன்றாக இருக்கும், வாயில் பென்சில் சீவிய தூள். உள்ளூர்த் தொழிலை ஆதரிக்கிறேன் என்று வாங்குபவர்கள் தாராளமாக வாங்கட்டும், ருசிக்காக என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

‘எப்படியும் கோலா ஊற்றித்தானே குடிக்கப் போகிறோம், பத்து டாலர் பாட்டில் போதாதா’ என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கோலாவுக்குத்தான் 50 சதவீதம் இன்னும் அவசியம். 40 சதவீதச் சரக்கில் ஐஸ் பாதி கரைவதற்குள் விஸ்கி காணாமல் போய்விடும். ஊற்றும் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலும் கூடுதலாக நான்கு நாள் வரும்.