அமில மழையும் அரசின் உச்சவரம்பும்

"அரசு தலையிடாமல் சந்தையிடம் விட்டதால்தான் அமெரிக்காவில் அமில மழை குறைந்தது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, அமில மழைக்கு முக்கியக் காரணமான கந்தக டை ஆக்சைடு வாயுவை மின் நிலையங்கள் மொத்தமாக எவ்வளவு விடலாம் என்று உச்சவரம்பு வைத்ததே அரசுதான். ஒரு டன்னுக்கு ஓர் அனுமதி; அந்த அனுமதிகளை வாங்கவும் விற்கவும் செய்யலாம், இதுதான் நீங்கள் சொல்லும் சந்தை. புகைபோக்கியிலேயே கருவி பொருத்தி இடைவிடாமல் அளந்தார்கள். அனுமதிக்கு மேல் விட்டால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம், அப்புறம் அடுத்த ஆண்டுக் கணக்கிலும் பிடித்தம். அந்தப் பயம் இல்லாவிட்டால் அனுமதியைக் காசு கொடுத்து யார் வாங்கியிருப்பார்கள்?

சந்தை செய்தது செலவைக் குறைத்ததுதான். சின்ன விஷயம் இல்லை, சரி. ஆனால் அந்தப் புகழிலும் ஒரு பங்கு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் கந்தகம் குறைந்த நிலக்கரி ரயிலில் மலிவாக வந்து சேர்ந்ததற்குப் போக வேண்டும்.